டமி டக் முடிந்து வீடு வந்தபின்: வீக்கத்தையும் வயிற்றில் கட்டும் நீரையும் கவனிப்பது எப்படி?

அக்காவுக்கு இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு வயிற்றுத் தசை நடுவில் விலகி, தோல் மடிந்து தொங்கி, வெயில் காலம் வந்தால் அந்த மடிப்புக்குள் ஒரே புண். கொழும்பில் டமி டக், அதாவது தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி இறுக்கும் ஒப்பரேஷன் செய்து, டொக்டர் பயணம் செய்யலாம் என்று சொன்னபின் யாழ்ப்பாணத்தில் கொக்குவிலுக்குக் கூட்டி வந்தோம். பார்த்துக்கொண்டது நான். ஒப்பரேஷனைப் பற்றி நிறைய வாசித்திருந்தேன். அதற்குப் பிறகு வரும் ஆறு கிழமைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்த ஆறு கிழமைக்குத்தான் இந்தப் பதிவு. உங்கள் டொக்டர் சொன்னது இதற்கு மாறாக இருந்தால் டொக்டர் சொன்னதையே செய்யுங்கள்.

முதலில்: வீக்கம் வேறு, நீர் கட்டுவது வேறு

இந்தச் சத்திரசிகிச்சையில் அடிவயிற்றிலிருந்து விலா எலும்பு வரை தோலையும் கொழுப்பையும் தசையிலிருந்து பிரித்துத் தூக்கி, கீழே இழுத்து, மிஞ்சியதை வெட்டித் தைக்கிறார்கள். அப்போது நிணநீர் ஓடும் நுண்ணிய குழாய்களும் அறுபடும். தொப்புளைச் சுற்றியுள்ள பகுதியின் நிணநீர் வழக்கமாகக் கவட்டுப் பக்கம் இறங்கும். குறுக்கே வெட்டியதால் அந்த வழி அடைபட்டு, தையலுக்கு மேலே உள்ள பகுதி உப்பி நிற்கும். புது வழி உண்டாக மாதங்கள் எடுக்கும். இது வீக்கம்.

பிரித்துத் தூக்கிய தோலுக்கும் தசைக்கும் இடையில் ஒரு வெற்றிடம் இருக்கிறதல்லவா? அதற்குள் வைக்கோல் நிறத்தில் நீர் சேரலாம். அதுதான் செரோமா. வீக்கம் என்பது ஊறிய பஞ்சு. செரோமா என்பது சொப்பின் பையில் கட்டிய தண்ணீர். பஞ்சு காலத்தோடு காயும். பையில் உள்ள தண்ணீர் கொஞ்சமென்றால் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும், கூடினால் ஊசியால் எடுக்கவேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நான் முதல் இரண்டு கிழமையும் தேவையில்லாததற்கெல்லாம் பயந்து, பயப்படவேண்டிய ஒன்றைத் தவறவிட்டேன்.

படி 1: படுக்கையை வரமுன்பே ஆயத்தப்படுத்துங்கள்

நேராக மல்லாந்து படுக்கக்கூடாது. முதுகு 30 முதல் 45 பாகை உயர்ந்து, முழங்காலுக்குக் கீழே தலையணை இருக்கவேண்டும். இடுப்பு மடிந்திருந்தால் தையலில் இழுவை குறையும். எங்கள் வீட்டில் கைகொடுத்தது அப்பப்பாவின் சாய்மனைக் கதிரை. அதிலிருந்து எழும்புவதுதான் கரைச்சல். பதிவான கதிரை என்பதால் வயிற்றை முக்கி எழும்பவேண்டி வரும். இரண்டு தலையணையைப் போட்டு உயர்த்தி, எழும்பும்போது ஒருவர் கை கொடுங்கள்.

படுத்தே கிடக்கவும் கூடாது. கொஞ்சம் கூனியபடி, வீட்டுக்குள்ளேயே இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம் நடக்கவேண்டும். காலில் இரத்தம் கட்டாமல் இருக்க இதுதான் முதல் மருந்து. கொழும்பிலிருந்து ஏ9 வீதியால் வருகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வானை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் நிறுத்தி இறங்கி நடக்க வையுங்கள். சாரதி முணுமுணுப்பார், பரவாயில்லை.

படி 2: குழாயும் குமிழும்

பெரும்பாலும் அடிவயிற்றின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மெல்லிய குழாய் வெளியே வரும். நுனியில் கைக்குள் அடங்கும் ரப்பர் குமிழ். குமிழை நசுக்கி மூடினால் அது திரும்ப விரியப் பார்க்கும். அந்த இழுப்பில்தான் உள்ளே உள்ள நீர் வெளியே வரும்.

காலையும் மாலையும் ஒரே நேரத்தில் வெறுமையாக்குங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மூடியைத் திறந்து, அளவு குறித்த பிளாஸ்ரிக் கோப்பைக்குள் ஊற்றுங்கள். அப்புறம் குமிழை நன்றாக நசுக்கி, *நசுக்கிய கையை விடாமலே* மூடியை மூடுங்கள். நான் இரண்டாம் நாள் ஊற்றிவிட்டு நசுக்காமல் மூடினேன். இரவு முழுக்க ஒரு சொட்டும் வரவில்லை. 'அட, குறைந்துவிட்டதே' என்று சந்தோஷப்பட்டேன். விடிய எழும்பிப் பார்த்தால் குழாய் நுழையும் இடத்தைச் சுற்றிக் கசிந்து சோட்டியெல்லாம் நனைந்திருந்தது. குமிழ் எப்போதும் குழிந்த தோற்றத்தில் இருக்கவேண்டும். உருண்டையாக இருந்தால் ஒன்றில் நிரம்பிவிட்டது, அல்லது உள்ளே காற்றுப் புகுந்து இழுப்புப் போய்விட்டது.

ஒரு கொப்பியில் திகதி, நேரம், இடது, வலது என்று மில்லிலீற்றரில் எழுதுங்கள். இரண்டையும் கூட்டி ஒன்றாக எழுதவேண்டாம், ஒரு குழாயை முதலில் எடுத்து மற்றதை வைத்திருக்கக்கூடும். நிறத்தையும் குறியுங்கள். முதலில் சிவப்பு, பிறகு ரோஸ், பிறகு வெளிறிய மஞ்சள் என்று மாறவேண்டும். 24 மணித்தியாலத்தில் ஒரு குழாயில் ஏறத்தாழ 30 மில்லிலீற்றருக்குக் கீழே வந்து, அது ஒன்றிரண்டு நாள் அப்படியே நின்றால் குழாயை எடுப்பது பற்றி டொக்டர் யோசிப்பார். பலருக்கு இது ஒன்று, இரண்டு கிழமைக்குள் நடக்கும்.

குமிழ் வயிற்றைவிடப் பதிவாகத் தொங்கட்டும். வயிற்றை அமத்த டொக்டர் தரும் பெல்ற்றில் ஊக்கால் குத்திவிடலாம். குழாயைக் குத்திவிடாதீர்கள்.

சிலருக்குக் குழாயே இருக்காது. தூக்கிய தோலை உள்ளிருந்து ஆங்காங்கே தசையோடு தைத்து, வெற்றிடத்தையே இல்லாமல் செய்யும் முறை ஒன்று உண்டு. அமெரிக்காவில் டலஸ் நகரத்துப் பொலொக் சகோதரர்கள் 2000ஆம் ஆண்டில் இதை விளக்கி எழுதினார்கள். உங்களுக்கு எந்த முறை என்று ஒப்பரேஷனுக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

படி 3: பெல்ற்றும் அம்மாவின் பழைய சேலையும்

அம்மா, பிள்ளைப்பெற்ற வயிற்றுக்குக் கட்டுவதுபோல நூல் சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டத் தயாராக நின்றார். அவரைக் குறை சொல்லமுடியாது, எங்கள் பக்கத்தில் வயிறென்றால் கட்டுத்தான். ஆனால் இது அந்த வயிறல்ல. தூக்கிய தோலுக்கு இரத்தம் ஏற்கனவே மட்டுமட்டாகத்தான் போகும். ஓரிடத்தில் இறுக்கி ஓரிடத்தில் தளர்ந்தால், இறுகிய இடத்தில் தோல் கறுத்துப் பழுதாகலாம். டொக்டர் தந்த பெல்ற் வயிறு முழுவதையும் ஒரே அளவாக அமத்தும். உள்ளங்கை உள்ளே நுழையவேண்டும், மூச்சு முட்டக்கூடாது, ஓரம் சுருண்டு தோலில் வரி விழக்கூடாது. வழக்கமாக 4 முதல் 6 கிழமை, குளிக்கும் நேரம் தவிர இரவும் பகலும் போடச் சொல்வார்கள்.

யாழ்ப்பாணத்து வெக்கையில் இது லேசில்லை. இரண்டு பெல்ற் வாங்குங்கள். ஒன்று காயும்போது மற்றது. உள்ளே தையல் வரம்பில்லாத மெல்லிய பருத்திப் பெனியன் போட்டால் வேர்வையை உறிஞ்சும்.

படி 4: ஒத்தடம் வேண்டாம், கிணற்றடியும் வேண்டாம்

ஒருவர் விடாமல் எல்லோரும் சொல்வது: 'வெந்நீர் ஒத்தடம் குடு, வீக்கம் வத்தும்.' கொடுக்கவே கூடாது. தொப்புளுக்குக் கீழே தோல் மாதக்கணக்கில் விறைத்துக் கிடக்கும். சூடு பட்டுப் பொக்களித்தாலும் அவருக்குத் தெரியாது. ஐஸ் கட்டிக்கும் இதே கதைதான். நொச்சி, வேப்பெண்ணெய், மஞ்சள் ஒன்றும் தையலுக்குக் கிட்ட வரவேண்டாம்.

கிணற்றில் அள்ளிக் குளிப்பது, பிள்ளையைத் தூக்குவது, காஸ் சிலிண்டரை நகர்த்துவது எல்லாம் ஆறு கிழமைக்கு மற்றவர்கள் வேலை. தோலும் தசையும் ஒட்டிப்பிடிக்க வேண்டிய நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்தால் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். அக்கா குழாய் எடுத்த அடுத்த நாளே 'இனி நான் ஃப்ரீ' என்று முற்றம் கூட்டினார். அதன் விலை இரண்டு படி தள்ளி வருகிறது.

படி 5: சாப்பாடு

புரதம் வேண்டும்: முட்டை, மீன், பருப்பு. பத்தியம் என்று மீனை நிறுத்தவேண்டாம். உப்புத்தான் எதிரி. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் எல்லாம் வீக்கத்தைக் கூட்டும். ஒருநாள் ஒடியல் கூழ் குடித்த மறுநாள் காலை பெல்ற் கொளுவவே இல்லை. தண்ணீரைக் குறைத்தால் வீக்கம் குறையும் என்பது பிழை. நீர் போகும் குளிசையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்; அது செரோமாவைத் தொடாது. மலம் இறுகாமலும் பாருங்கள், முக்கினால் தையல் இழுபடும்.

படி 6: நீர் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பது

செரோமா பெரும்பாலும் குழாய் எடுத்த பிறகுதான் தலைகாட்டும். அதனால் குழாய் போன பிறகும் நாளுக்கு ஒரு தரம் பாருங்கள். சாய்ந்து படுக்க வைத்து, ஒரு பக்கம் உள்ளங்கையை மெதுவாக வைத்து, மற்றப் பக்கம் விரல் நுனியால் தட்டுங்கள். அலைபோல வந்து உள்ளங்கையில் முட்டினால் நீர். புரளும்போது 'குளுக்' என்று அசைவதாகச் சொன்னாலும், ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பிதுங்கினாலும் நீராக இருக்கலாம். விரலால் அமத்தக் குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் அது வெறும் வீக்கம்.

அக்காவுக்கு முற்றம் கூட்டி நாலாம் நாள் அலை அடித்தது. நான் அதையும் வீக்கம் என்றே நினைத்து மூன்று நாளைக் கடத்தினேன். ஸ்கேனில் நீர் என்று தெரிந்து, கிளினிக்கில் ஊசி போட்டு இழுத்தார்கள். தோல் விறைத்திருந்ததால் நோவே இல்லை. வெளிறிய தேத்தண்ணி நிறத்தில் இரண்டு பெரிய சிரிஞ்ச் வந்தது. கிழமைக்கு ஒரு தரமாக இன்னும் இரண்டு தடவை எடுத்த பிறகு நின்றது. மாதக்கணக்கில் விட்டால் நீரைச் சுற்றிச் சுவர்போல ஒரு உறை உண்டாகி, அதை வெட்டி எடுக்கவேண்டி வரலாம். எனவே கொழும்பில் செய்பவர்கள், யாழ்ப்பாணத்தில் யாரிடம் காட்டலாம் என்று கேட்டு, டயக்னோசிஸ் காட்டை (என்ன சிகிச்சை செய்தார்கள் என்று ஆஸ்பத்திரியில் எழுதித் தரும் அட்டை) கையோடு வாங்கி வாருங்கள்.

காத்திருக்கக்கூடாத நேரங்கள்

காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தாண்டுதல், தோல் சிவந்து சூடாதல், சீழ் அல்லது மணம், தையல் ஓரம் கறுத்தல்: அன்றே டொக்டர். குமிழ் புது இரத்தத்தால் மளமளவென்று நிரம்புதல், வயிறு ஒரு பக்கம் கல்லுப்போல் ஊதுதல், ஒரு கால் மட்டும் கெண்டைக்காலில் வீங்கி நோதல், மூச்சு முட்டுதல், நெஞ்சு நோ: இவற்றுக்கு ஒரு நிமிடமும் பொறுக்கவேண்டாம். 1990ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

பார்க்க வருபவர்கள்

'இவ்வளவு செலவழிச்சும் வயிறு அப்பிடியே கிடக்குது' என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். வீக்கத்தில் பெரும்பகுதி வற்ற மூன்று மாதம், மிச்சம் போக ஒரு வருடம் வரை எடுக்கலாம். காலையில் தட்டையாக இருந்து பின்னேரம் உப்புவது வழமை. ஆகவே புதுச் சுரிதார் தைக்கக் கொடுப்பதை மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். அவசரமாகத் தேவையென்றால் தையல்காரரிடம் பின்னேரம் போய் அளவு கொடுங்கள்.