மொரீஷியஸுக்கு ஜோடியாக வருகிறீர்களா? முதலில் காற்றைப் பாருங்கள்

கல்யாணமாகி இந்தத் தீவின் ரோஸ் ஹில் நகரத்துக்கு வந்து எனக்கு 17 வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து சொந்தத்தில் யார் மொரீஷியஸுக்குக் கிளம்பினாலும் எனக்கு ஒரு போன் வரும். ஆனால் டிக்கெட் போட்டு, ஹோட்டலுக்குப் பணம் கட்டி முடித்த பிறகுதான் வரும். அதற்குப் பிறகு நான் சொல்லி என்ன ஆகப்போகிறது? அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

என் தம்பியும் அவன் மனைவியும் கல்யாணமான மறுவருஷம், ஜூலைக் கடைசியில் வந்தார்கள். கிழக்குக் கரையில் பெல் மார் பக்கம் ரூம் எடுத்திருந்தார்கள். நல்ல ஹோட்டல்தான், கட்டிலிலிருந்தே கடல் தெரியும். மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனபோது கரையில் ஓலைக்குடைகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. நாற்காலியில் விரித்த துண்டின் மேல் மணல் வரிவரியாக ஏறியிருந்தது. அந்தப் பெண் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். "போட்டோவில் இப்படி இல்லையே அண்ணி" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு பேரையும் காரில் ஏற்றி, தீவைக் குறுக்கே கடந்து மேற்குக் கரைக்குக் கூட்டிப்போனேன். ஃபிலிக் ஆன் ஃபிளாக்கில் அதே மத்தியானம் கடல் தட்டில் ஊற்றின தண்ணீர் மாதிரி கிடந்தது. சாயங்காலம் வரை இரண்டு பேரும் தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை.

இங்கே வருகிறவர்கள் செய்கிற முதல் தவறும் பெரிய தவறும் இதுதான்: மாதத்தையும் கரையையும் சேர்த்துப் பார்க்காதது. நாங்கள் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை எங்களுக்குக் குளிர்காலம். அப்போதுதான் தென்கிழக்கிலிருந்து வாணிபக் காற்று விடாமல் வீசும். அது நேராகக் கிழக்கு, தெற்குக் கரைகளில் மோதும். நடுவில் இருக்கும் மேட்டில் ஏறும்போது மேகம் திரண்டு மழையைக் கொட்டிவிடும். 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் கியூர்பிப்பில் குடை இல்லாமல் யாரும் வெளியே கிளம்ப மாட்டார்கள். அந்த மேட்டைத் தாண்டிக் கீழே இறங்கினால் மேற்குக் கரை காய்ந்து, வெயிலாக இருக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் ஊரில் சொல்வோமே, இங்கேயும் அதே ஆடியில்தான் காற்று பலமாக இருக்கும். அங்கே அது சுடும், இங்கே குளிரும், அவ்வளவுதான். ஜூலை, ஆகஸ்டில் கரையோரத்திலேயே இரவில் 17, 18 டிகிரிக்கு இறங்கிவிடும். ஒரு ஸ்வெட்டராவது வேண்டும்.

இதைக் கல்யாண மாதங்களோடு பொருத்திப் பார்த்தால் நமக்குச் சுலபமாக நினைவில் நிற்கும். தை, மாசியில் கல்யாணம் முடித்துக் கையோடு தேனிலவுக்குக் கிளம்புகிறவர்கள் சரியாகப் புயல் காலத்தின் உச்சத்தில் வந்து இறங்குகிறார்கள். இங்கே நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம், அதில் ஜனவரி முதல் மார்ச் வரைதான் அதிகம். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்தபோது தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை நாங்கள் மறக்கவில்லை. தினமும் புயல் அடிக்கும் என்று பயமுறுத்தவில்லை. பெரும்பாலான நாட்கள் நல்ல வெயிலாகத்தான் இருக்கும், கடலும் வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்குப் போய்விட்டால் பஸ் ஓடாது, கடை இருக்காது, விமான நிலையமும் மூடிவிடலாம். அதனால் தை மாசிக்காரர்கள் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற புக்கிங்கையே எடுங்கள், பயணக் காப்பீடு போடுங்கள், திரும்பிப் போய் மறுநாளே ஆபீஸ் என்று வைக்காமல் இரண்டு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வைகாசிக் கல்யாணக்காரர்களும் ஐப்பசிக் கல்யாணக்காரர்களும் கொடுத்து வைத்தவர்கள். மே மாதமும், செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் ஆரம்பம் வரையும் இங்கே வெயில், காற்று, கடல் மூன்றும் ஒத்துப்போகும். அப்போது எந்தக் கரையிலும் தங்கலாம். ஆவணியில் கல்யாணமா? மேற்குக் கரையாகப் பாருங்கள், இல்லாவிட்டால் வடக்கே கிராண்ட் பே பக்கம்.

அடுத்தது, நாட்களை நிரப்புவது. வரைபடத்தில் பார்த்தால் தீவு கைக்குட்டை மாதிரி இருக்கிறது. 65 கிலோமீட்டர் நீளம், 45 கிலோமீட்டர் அகலம். அதனால் ஏஜெண்ட் வடக்கு டூர் ஒரு நாள், தெற்கு டூர் ஒரு நாள், தீவு டூர் ஒரு நாள், டால்பின் ஒரு நாள் என்று அடுக்கித் தரும்போது தாராளமாக நேரம் இருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் விமான நிலையம் தென்கிழக்கு மூலையில், பிளேசான்ஸில் இருக்கிறது. அங்கிருந்து கிராண்ட் பே போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையும் மாலையும் போர்ட் லூயிஸைத் தாண்டுவதென்றால் இன்னும் கூட. டால்பின் பார்க்க விடியும் முன்பே எழுந்து படகில் ஏற வேண்டும். தெற்கு டூரில் கங்கா தலாவ் ஏரி, சாமரெல் ஊரின் ஏழு வண்ண மண், அருவி என்று முடித்துவிட்டு வரும்போது இருட்டிவிடும்.

என் பெரியப்பா மகள் அக்காவும் அத்தானும் 25-வது கல்யாண நாளுக்கு வந்திருந்தார்கள். ஐந்து நாளும் ஐந்து டூர். சாமரெலில் நான் அவர்களோடு இருந்தேன். அத்தான் கேமராவோடு இறங்கிப் போய்விட்டார். அக்கா காரிலேயே, கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். மடியில் இருந்த வாட்டர் பாட்டில் கீழே உருண்டதுகூடத் தெரியவில்லை. அத்தான் வந்து எழுப்பி, "இன்னும் ரெண்டே இடம்தான்" என்றார். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. ஊருக்குப் போன பிறகு போனில்தான் என்னிடம் சொன்னாள்: "ஒரு நாளாவது அந்தக் கடலில் காலை வைத்துக்கொண்டு உட்காரணும்னு இருந்தேன்டி." அத்தான் நல்லவர். அவளுக்கு எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்றுதான் ஓடினார். கிளம்பும் முன் ஓய்வென்றால் உனக்கு என்ன என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாததுதான் பிரச்சினை. ஒருவருக்கு அது தூக்கம், ஒருவருக்கு நடை, இன்னொருவருக்கு நாலு இடம் பார்ப்பது. ஏழு நாள் வந்தால் மூன்று நாளுக்கு மேல் திட்டம் போடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். அந்த மூன்றும் அடுத்தடுத்த நாட்களில் வேண்டாம்.

இன்னும் சிலர் மூன்று தீவையும் ஒரே வாரத்தில் பார்க்கப் பார்க்கிறார்கள். மொரீஷியஸ், ரியூனியன், ரோட்ரிக்ஸ் மூன்றும் சேர்ந்ததுதான் மஸ்கரேன் தீவுக்கூட்டம். ரியூனியன் முக்கால் மணி நேர விமானம்தான், பக்கத்தில்தானே என்று தோன்றும். ஆனால் அது வேறு உலகம். பிரான்ஸின் ஒரு பகுதி என்பதால் அங்கே யூரோ, வலதுபக்கம் வண்டி ஓட்ட வேண்டும். ஷெங்கன் எல்லைக்குள் அது சேராது. ஆகவே ஷெங்கன் விசா இருக்கிறதே என்று கிளம்பிவிடாமல், ரியூனியன் என்று பெயர் சொல்லியே விசா மையத்தில் கேளுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், அது மலைத்தீவு. பிட்டோன் தே நேஜ் 3,000 மீட்டரைத் தாண்டிய மலை. சிலாவோஸ் என்ற மலை ஊருக்குப் போகும் சாலையில் 400 வளைவுகள் என்று சொல்வார்கள், தலைசுற்றல் இருப்பவர்களுக்கு அது பெரிய அவஸ்தை. எரிமலையைப் பார்க்க விடியற்காலையிலேயே மேலே போய்ச் சேர வேண்டும், காலை பாதி போவதற்குள் மேகம் மூடிவிடும். கடலும் மொரீஷியஸ் மாதிரி இல்லை. சுறா தாக்கி உயிர்ப்பலி நடந்ததால் 2013 முதல் பவளத்திட்டுக்கு வெளியே குளிக்கக் கட்டுப்பாடு இருக்கிறது. எர்மிதாஜ், லா சலின் பக்கம் இருக்கும் திட்டுக்குள்ளேயும், அனுமதித்த இடங்களிலும் மட்டும் இறங்குங்கள். மலையும் நடையும் பிடித்த ஜோடிக்கு ரியூனியன் சொர்க்கம். அதற்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

உண்மையிலேயே அமைதி வேண்டுமா, ரோட்ரிக்ஸைப் பாருங்கள். ஒன்றரை மணி நேரம் பறக்க வேண்டும். 108 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் சுற்றியிருக்கும் லகூன், அதாவது பவளத்திட்டுக்குள் அடங்கிய ஆழமில்லாத கடல், நிலத்தைவிடப் பெரியது. தண்ணீர் வடியும்போது பெண்கள் முழங்கால் ஆழத்தில் கையில் கம்போடு ஆக்டோபஸ் தேடிக்கொண்டு நடப்பதைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். பெரிய ஹோட்டல், ஷாப்பிங் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். சின்ன விமானம் என்பதால் லக்கேஜ் அளவை டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரூபாய் விஷயத்தில் ஒரு குழப்பம் நிறைய பேருக்கு வருகிறது. இங்கேயும் ரூபாய்தான். நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கும், 100 ரூபாய் நோட்டில் ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வம்சாவளித் தலைவரின் படமே இருக்கிறது. பார்த்ததும் சந்தோஷமாக இருக்கும், எனக்கு இன்னும் அப்படித்தான். ஆனால் இந்த ஒரு ரூபாய் இந்திய ரூபாயில் ஏறக்குறைய இரண்டு. டாக்சிக்காரர் 2,000 என்றால் நம் கணக்கில் 4,000. ஏறுவதற்கு முன்பே விலை பேசி, எந்த ரூபாய் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோட்டில் தமிழ் இருப்பதால் எல்லாரும் தமிழ் பேசுவார்கள் என்று நினைத்து ஏமாறுகிறவர்களும் உண்டு. இங்கே தமிழர்கள் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. கோயிலில் தேவாரம் கணீரென்று கேட்கும், தைப்பூசக் காவடிக்கு நாடே விடுமுறை விடும், ஆனால் கடையில் தமிழில் பேச்சுக் கொடுத்தால் சிரிப்புதான் பதிலாக வரும். அதற்காக வருத்தப்படாதீர்கள். "வணக்கம்" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். சொற்களும் அங்கங்கே ஒளிந்திருக்கின்றன. கறிவேப்பிலைக்கு இங்கே "கறிப்பூலே" என்றுதான் பெயர்.

கறிவேப்பிலை என்றதும் ஞாபகம் வருகிறது. அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவராதீர்கள். செடி, விதை, இலை எதையும் அனுமதி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். என் மாமியாரின் தங்கை ஆசையாகக் கட்டிக் கொடுத்த மல்லிகைச் சரத்தையும் இலையையும் விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேப் சிகரெட்டுக்கும் இங்கே தடை. தூக்க மாத்திரை, நரம்பு மாத்திரை, கடுமையான வலிக்கான மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், டாக்டர் சீட்டும் கையில் இருக்கட்டும். வரும் முன் ஆன்லைனில் பயணப் படிவத்தை நிரப்பிவிடுங்கள்.

சாப்பாட்டில், மூன்று வேளையும் ஹோட்டலிலேயே என்று பணம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை, முக்கியமாக சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு. பஃபேயில் ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்று அலுத்துவிடும். காலை, இரவு மட்டும் கட்டுங்கள். மத்தியானம் வெளியே வந்து டால் பூரி சாப்பிடுங்கள். பருப்பை வேகவைத்துப் பொடித்து உள்ளே வைத்துத் தேய்த்த மெல்லிய மஞ்சள் பூரி. இரண்டாக அடுக்கி, மொச்சைக் குழம்பும் ருகாய் என்கிற தக்காளித் தொக்கும் தடவி, மிளகாய் வேண்டுமா என்று கேட்டுக் காகிதத்தில் சுருட்டித் தருவார்கள். தள்ளிப்போடாமல் நேரத்தோடு போங்கள், நல்ல வண்டிகளில் சீக்கிரம் தீர்ந்துவிடும். யாராவது தமிழ் வீட்டு விசேஷத்துக்கு அழைத்தால் தயங்காமல் போங்கள், வாழையிலையில் ஏழு கறி கிடைக்கும்.

கடலில் இறங்கும்போது ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். முள்ளெலி மாதிரி இருக்கும் கடல் முள்ளி காலில் ஏறினால் விடுமுறையே வீண். கல்மீன் அதைவிட மோசம், பார்க்கக் கல் மாதிரியே கிடக்கும், அதன் முள் விஷம். தெற்கே கிரி கிரியில் பவளத்திட்டு இல்லை. அலை நேராகப் பாறையில் மோதும். பார்க்க அழகு, குளிக்க இறங்கவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை பொதுக் கடற்கரைகளில் உள்ளூர்க் குடும்பங்கள் பிரியாணி அண்டாவோடும் பாட்டோடும் வந்துவிடும். தனிமை வேண்டுமென்றால் அன்று ஹோட்டல் பக்கமே இருங்கள்.

கடைசி ராத்திரிக்கு விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ப்ளூ பே அல்லது மாயேபூரில் ரூம் எடுங்கள். வடக்கிலிருந்து விடியற்காலை ஓடிவர வேண்டியதில்லை. ப்ளூ பேயில் அடியில் கண்ணாடி வைத்த படகு கிடைக்கும், நீச்சல் தெரியாதவர்களும் உட்கார்ந்தபடியே பவளத்தைப் பார்க்கலாம். அடுத்த நாள் திங்கட்கிழமையாக இருந்து, விமானம் சாயங்காலம் என்றால், அன்று கூடும் மாயேபூர் சந்தைக்குப் போய்விட்டு வந்துவிடலாம்.