முதல் பருவத்தை முடித்த குவாட்டர்பேக்கை மதிப்பிடுவது எப்படி? தொடக்கநிலை ரசிகர்களுக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில், அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வான டிராஃப்டில், 1998-ஆம் ஆண்டு முதல் இரண்டு இடங்களில் தேர்வானவர்கள் இருவருமே குவாட்டர்பேக்குகள். முதலிடத்தில் பெய்ட்டன் மானிங்கை இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் எடுத்தது. இரண்டாமிடத்தில் ரயன் லீஃபை சான் டியேகோ சார்ஜர்ஸ் எடுத்தது. பருவம் முடிந்தபோது கோல்ட்ஸ் 16 ஆட்டங்களில் 3-ஐ மட்டும் வென்றிருந்தது, சார்ஜர்ஸ் 5-ஐ வென்றிருந்தது. மானிங் எறிந்த பந்துகளில் 28-ஐ எதிரணியினர் பிடித்துக்கொண்டார்கள்; முதலாண்டு வீரர் ஒருவரின் பெயரில் இன்றுவரை நிற்கும் மோசமான சாதனை அது. ஆனால் அடுத்த ஆண்டே கோல்ட்ஸ் 13 ஆட்டங்களை வென்றது. மானிங் பிற்காலத்தில் ஐந்து முறை லீகின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வானார். லீஃபோ 2001-ஆம் ஆண்டுக்குப் பிறகு ஓர் ஆட்டத்திலும் ஆடவில்லை. இந்த வேறுபாட்டை 1998-ஆம் ஆண்டின் முடிவிலேயே, அன்றைய எண்களிலிருந்தே, பெருமளவு கண்டிருக்க முடியும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்காகச் சில சொற்கள்: குவாட்டர்பேக் என்பவர் பந்தைக் கையில் வாங்கிய இரண்டு மூன்று நொடிகளுக்குள், அதை ரிசீவர் ஒருவருக்கு எறிவதா, பக்கத்தில் ஓடுபவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று முடிவெடுக்க வேண்டியவர். அவர் எறிந்த பந்தை எதிரணியினர் பிடித்தால் அது இன்டர்செப்ஷன். எறிவதற்கு முன்பே, ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னால் அவரை வீழ்த்திவிட்டால் அது சாக். பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்த்தால் அது டச்டவுன்.

படி 1: வெற்றி தோல்விக் கணக்கை ஒதுக்கி வையுங்கள்

டிராஃப்டில் முந்தைய பருவத்தின் மிக மோசமான அணிக்கே முதல் வாய்ப்பு தரப்படுகிறது என்பதால், முதலிடத்தில் தேர்வாகும் இளைஞர் பெரும்பாலும் ஒரு பலவீனமான அணிக்குள்தான் நுழைகிறார். கோல்ட்ஸ் 1997-இலும் 3 ஆட்டங்களைத்தான் வென்றிருந்தது. ஆகவே மானிங் வந்ததால் அணி தோற்றது என்றோ, லீஃப் வந்ததால் சார்ஜர்ஸ் கோல்ட்ஸைவிட இரண்டு ஆட்டங்கள் கூடுதலாக வென்றது என்றோ சொல்வதில் பொருளே இல்லை. தற்காப்பு அணியும் உதைப்பவரும் சேர்ந்து தீர்மானிக்கும் முடிவை ஒருவரின் தலையில் ஏற்றுவது, புதிய ரசிகர்கள் செய்யும் முதல் தவறு. தொலைக்காட்சி விவாதங்களும் அதைத் தூண்டிவிடுகின்றன.

படி 2: மொத்த எண்களை ஒரு முயற்சிக்கான எண்களாக மாற்றுங்கள்

கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளர் எத்தனை ஓவர் வீசினார் என்று தெரியாமல் அவரது விக்கெட் எண்ணிக்கையை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாததைப் போலவே, எறிந்த முயற்சிகளின் எண்ணிக்கை தெரியாமல் டச்டவுன்களையோ இன்டர்செப்ஷன்களையோ எடைபோட முடியாது. மானிங் 575 முறை எறிந்து 3,739 யார்டுகளும் 26 டச்டவுன்களும் பெற்றார். லீஃப் 245 முறை எறிந்து 1,289 யார்டுகளும் 2 டச்டவுன்களும் பெற்றார். அவரது இன்டர்செப்ஷன்கள் 15. எண்ணிக்கையில் 15 என்பது 28-ஐவிடக் குறைவாகத் தோன்றினாலும், நூறு முயற்சிக்கு என்று கணக்கிட்டால் மானிங்குக்கு 4.9, லீஃபுக்கு 6.1 என்று வரிசை தலைகீழாகிவிடுகிறது.

இவற்றையெல்லாம் ஒரே எண்ணில் அடக்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு. பெற்ற யார்டுகளோடு ஒவ்வொரு டச்டவுனுக்கும் 20-ஐக் கூட்டி, ஒவ்வொரு இன்டர்செப்ஷனுக்கும் 45-ஐக் கழித்து, வரும் தொகையை முயற்சிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். மானிங்கின் கணக்கு: 3,739 + 520 − 1,260 = 2,999; அதை 575-ஆல் வகுத்தால் 5.2. லீஃபின் கணக்கு: 1,289 + 40 − 675 = 654; அதை 245-ஆல் வகுத்தால் 2.7. இருவருமே மோசமான பருவத்தைக் கழித்தார்கள் என்ற பேச்சு, இந்த ஒரு வகுத்தலிலேயே கலைந்துபோகிறது. மானிங்கின் பருவம் கடினமான பருவம். லீஃபின் பருவமோ அதில் ஏறத்தாழ பாதியளவு பயனே தந்த பருவம்.

தொலைக்காட்சியில் அதிகம் காட்டப்படும் பாஸர் ரேட்டிங் என்ற அளவீட்டையும் அறிந்து வைத்திருப்பது நல்லது. அதன் உச்சம் 158.3. எறிந்த ஒவ்வொரு பந்தும் எவர் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தால் கிடைப்பது 39.6. மானிங்குக்கு 71.2 கிடைத்தது, லீஃபுக்கு 39.0. அதாவது, எல்லாப் பந்துகளையும் தரையிலேயே எறிந்திருந்தால்கூட லீஃபின் எண் சற்றுக் கூடுதலாக இருந்திருக்கும். ஆயினும் இந்த அளவீடு சாக்குகளையும் ஓட்டத்தையும் கணக்கில் எடுப்பதே இல்லை. ஆகவே இதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

படி 3: சாக்குகளைத் தனியே எண்ணுங்கள்

என் பார்வையில் தொடக்கநிலை ரசிகர்கள் மிகக் குறைவாகக் கவனிப்பதும், மிக அதிகமாகக் கவனிக்க வேண்டியதும் இதுதான். குவாட்டர்பேக் வீழ்த்தப்பட்டால் அவருக்கு முன்னால் நிற்கும் லைன்மேன்களைக் குறை சொல்வது வழக்கம். அதில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மைதான். பந்தை நெடுநேரம் கையில் வைத்திருப்பவர் நல்ல லைன்மேன்களுக்குப் பின்னாலும் வீழ்த்தப்படுவார். யாருக்கு எறிவது என்பதை விரைந்து கண்டுகொள்பவர் சுமாரான லைன்மேன்களுக்குப் பின்னாலும் தப்பித்துக்கொள்வார். அணி மாறிச் செல்லும் குவாட்டர்பேக்குகளில் பலர் தங்கள் சாக் விகிதத்தையும் கூடவே எடுத்துச் செல்வதற்குக் காரணம் இதுவே.

சாக்குகளின் எண்ணிக்கையை, முயற்சிகளும் சாக்குகளும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். மானிங் அந்த 3 வெற்றிப் பருவத்தில் 22 முறைதான் வீழ்த்தப்பட்டார். 597-இல் 22 என்றால் 3.7 விழுக்காடு. வலுவற்ற அணியில், பெரும்பாலும் பின்தங்கிய நிலையில், எறிந்தே தீர வேண்டிய சூழலில் ஆடிய 22 வயது இளைஞர் ஒருவருக்கு இது வியப்பூட்டும் எண். எதிரணியின் நோக்கத்தை அவரது கண்கள் ஏற்கெனவே படிக்கத் தொடங்கியிருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று 1998-ஆம் ஆண்டின் புள்ளிவிவரங்களில் இல்லை. 28 இன்டர்செப்ஷன்களின் இரைச்சலில் எல்லோரும் தவறவிட்டது இந்த 22-ஐத்தான்.

மறுகோடியில் நிற்பவர் டேவிட் கார். 2002-இல் புதிதாகத் தொடங்கப்பட்ட ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணியில் முதலாண்டிலேயே 76 முறை வீழ்த்தப்பட்டார். ஒரே பருவத்தில் எவரும் சந்தித்ததில் அதுவே மிக அதிகம். அந்த எண்ணில் அவரது பங்கு எவ்வளவு, அணியின் பங்கு எவ்வளவு என்பதைப் புள்ளிவிவரத்தால் மட்டும் பிரிக்க முடியாது. அதற்கு ஐந்தாம் படி தேவைப்படும்.

படி 4: அந்தந்த ஆண்டின் சராசரியோடு ஒப்பிடுங்கள்

மானிங்கின் 56.7 விழுக்காடு வெற்றிகரமான பாஸ்கள், அதாவது ரிசீவர்கள் பிடித்த எறிவுகள், இன்று மிகத் தாழ்வாகத் தோன்றும். ஆனால் 1998-இல் லீகின் சராசரியே ஏறத்தாழ அவ்வளவுதான். 2018-இல் அந்தச் சராசரி 65 விழுக்காட்டை நெருங்கியிருந்தது. விதிகளும் ஆட்ட முறைகளும் மாறிக்கொண்டே இருப்பதால், இருபது ஆண்டு இடைவெளியில் உள்ள இருவரை நேரடியாக ஒப்பிடுவதைத் தவிர்த்து, ஒவ்வொருவரும் தம் காலத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே நின்றார் என்று பாருங்கள்.

படி 5: சுற்றியிருந்தவர்களைப் பட்டியலிடுங்கள்

ஜாரெட் காஃபின் கதையை இதற்குப் பாடமாகக் கொள்ளலாம். 2016-இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அவரை டிராஃப்டின் முதலிடத்தில் எடுத்தது. அவர் தொடங்கிய 7 ஆட்டங்களிலும் அணி தோற்றது. 205 முயற்சிகளில் 1,089 யார்டுகள், 5 டச்டவுன்கள், 7 இன்டர்செப்ஷன்கள், 26 சாக்குகள். நம் கணக்கின்படி முயற்சிக்கு 4.3; சாக் விகிதம் 11 விழுக்காட்டுக்கும் மேல். மானிங்கின் சாக் விகிதத்தோடு ஒப்பிட்டால் இது மூன்று மடங்கு. முதல் நான்கு படிகளோடு நிறுத்தியிருந்தால், காஃப் தேறமாட்டார் என்றே எழுத வேண்டியிருக்கும். அன்று பலரும் அப்படித்தான் எழுதினார்கள்.

ஆனால் அவரைச் சுற்றி என்ன இருந்தது? தலைமைப் பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷர் பருவம் முடிவதற்கு முன்பே நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு ஷான் மெக்வே பொறுப்பேற்றார். குவாட்டர்பேக்கின் இடப்பக்கத்தைக் காக்க அனுபவம் மிக்க ஆண்ட்ரூ விட்வொர்த் சின்சினாட்டியிலிருந்து வந்தார். ரிசீவர்களாக ராபர்ட் வுட்ஸ், கூப்பர் கப், சாமி வாட்கின்ஸ் ஆகியோர் சேர்ந்தார்கள். 2017-இல் காஃப் 477 முயற்சிகளில் 3,804 யார்டுகளும் 28 டச்டவுன்களும் பெற்றார். இன்டர்செப்ஷன்கள் மீண்டும் 7 மட்டுமே. முயற்சிக்கு 4.3 என்பது 8.5 ஆனது, சாக் விகிதம் 5 விழுக்காடாகக் குறைந்தது. எறியும் கை அதே கைதான்.

ஆகவே ஒரு தாளில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். தலைமைப் பயிற்சியாளரும் தாக்குதல் ஒருங்கிணைப்பாளரும் பருவம் முழுவதும் நீடித்தார்களா? லைன்மேன்கள் ஐவரில் எத்தனை பேர் காயமின்றி ஆடினார்கள்? மற்ற அணிகளும் விரும்பக்கூடிய ரிசீவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? ஓட்டத் தாக்குதல் அவரது சுமையைக் குறைத்ததா? 2021-இல் ஜாக்சன்வில் அணியில் ட்ரெவர் லாரன்ஸ் 12 டச்டவுன்களுக்கு 17 இன்டர்செப்ஷன்கள் எறிந்த பருவத்தில், பயிற்சியாளர் அர்பன் மேயர் டிசம்பரில் நீக்கப்பட்டார். 2023-இல் கரோலைனாவின் பிரைஸ் யங் 62 முறை வீழ்த்தப்பட்ட பருவத்தில், ஃப்ராங்க் ரைக் 11 ஆட்டங்களுக்குப் பிறகு நீக்கப்பட்டார். இத்தகைய பருவங்களைக் கொண்டு குவாட்டர்பேக்கைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது மிகக் குறைவு. அவர் நல்லவர் என்று அதற்குப் பொருள் அல்ல. சான்று போதாது என்பதே பொருள்.

படி 6: ஆட்டத்தைப் பாருங்கள், பந்தை அல்ல

களத்தில் உள்ள 22 பேரையும் உயரத்திலிருந்து காட்டும் பதிவுகள் என்எஃப்எல்லின் சந்தா சேவையில் கிடைக்கின்றன. பருவத்தின் தொடக்கத்திலிருந்து ஓர் ஆட்டத்தையும் இறுதி மாதத்திலிருந்து இரண்டு ஆட்டங்களையும் தேர்ந்தெடுத்து, அவர் எறிய முற்பட்ட ஒவ்வொரு முறையையும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முதல் ரிசீவருக்கு வழி அடைபட்டபோது அவரது தலை இரண்டாமவரை நோக்கித் திரும்பியதா, அல்லது கண்கள் உடனே நெருங்கிவரும் தற்காப்பு வீரர்களிடம் இறங்கிவிட்டனவா? ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையைவிட்டுக் கிளம்பியதா? நெருக்கடி இல்லாதபோதும் கால்கள் தடுமாறினவா? இக்கேள்விகளுக்கான விடைகள் தொடக்க ஆட்டத்திற்கும் இறுதி ஆட்டங்களுக்கும் இடையே மாறியிருந்தால், அந்த மாற்றம் பருவத்தின் மொத்த எண்களைவிட மதிப்புமிக்கது.

இன்டர்செப்ஷன்களையும் இதே வேளையில் பிரித்துவிடுங்கள். ரிசீவரின் கையில் பட்டுத் தெறித்தவை ஒருபுறம், எதிரணி வீரர் நிற்பதையே காணாமல் எறிந்தவை மறுபுறம். அதோடு, எதிரணியினர் பிடித்திருக்க வேண்டியும் நழுவவிட்ட பந்துகளையும் அவர் கணக்கிலேயே எழுதுங்கள். புள்ளிவிவரத் தாளில் இவை இடம்பெறுவதில்லை என்றாலும், அவரது முடிவெடுக்கும் திறனை இவை அப்படியே காட்டிவிடுகின்றன.

படி 7: ஓட்டத்தைச் சேருங்கள், உடல்நலத்தையும் சேருங்கள்

2012-இல் வாஷிங்டனின் ராபர்ட் கிரிஃபின் 815 யார்டுகள் ஓடி, பாஸர் ரேட்டிங்கில் 102.4 பெற்று, அவ்வாண்டின் சிறந்த முதலாண்டு தாக்குதல் வீரராகத் தேர்வானார். 2013 ஜனவரியில் சியாட்டிலுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் அவரது முழங்கால் பழுதானது. அதன்பின் அந்த உயரத்தை அவர் எட்டவே இல்லை. ஓட்டத்தால் பெற்ற மதிப்பைக் கணக்கில் எழுதும்போது, எத்தனை முறை அடிவாங்கினார் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இந்த முறைக்கு அடங்காதவர்களும் உண்டு. பஃபலோவின் ஜோஷ் ஆலன் 2018-இல் 52.8 விழுக்காடு பாஸ்களையே சேர்த்தார். 10 டச்டவுன்கள், 12 இன்டர்செப்ஷன்கள். 631 யார்டுகள் ஓடினார் என்பதைத் தவிர எண்களில் நம்பிக்கைக்கு இடமே இல்லை. 2020-இல் அவரே 69.2 விழுக்காடும் 37 டச்டவுன்களும் எட்டினார். எறியும் நுட்பத்தைத் திருத்திக்கொள்ள அவர் உழைத்ததும் ஸ்டெஃபான் டிக்ஸ் ரிசீவராக வந்ததும் இதற்குக் காரணங்கள். அவ்வளவு பெரிய திருத்தம் மிக அரிது. ஒவ்வொரு தடுமாறும் இளைஞரையும் அடுத்த ஆலன் என்று வாதிடுவதை நான் ஏற்பதில்லை.

படி 8: எந்த எண் நிலைக்காது என்று முன்கூட்டியே எழுதுங்கள்

2023-இல் ஹூஸ்டனின் சி.ஜே. ஸ்ட்ராட் 499 முயற்சிகளில் 4,108 யார்டுகள், 23 டச்டவுன்கள், 5 இன்டர்செப்ஷன்கள் என்று நம் கணக்கில் 8.7 பெற்றார். மிகச் சிறந்த முதலாண்டுகளில் ஒன்று. ஆனால் 499-இல் 5 என்பது 1 விழுக்காடு. இன்டர்செப்ஷன்களைத் தவிர்ப்பதில் பெயர்பெற்ற ஆரன் ராட்ஜர்ஸின் வாழ்நாள் விகிதமே ஏறத்தாழ 1.4. ஆகவே இந்த எண் உயரும் என்பதை அன்றே எழுதியிருக்கலாம். 38 சாக்குகள், அதாவது 7 விழுக்காடு, மெல்லிய ஓர் எச்சரிக்கையாக ஏற்கெனவே நின்றது. 2024-இல் இன்டர்செப்ஷன்கள் 12 ஆயின, சாக்குகள் 52 ஆயின, கணக்கு 6.7-க்கு இறங்கியது. இன்டர்செப்ஷன் உயர்வு எதிர்பார்க்க வேண்டியதே. கவலைப்பட வேண்டியது 9 விழுக்காட்டை நெருங்கிய சாக் விகிதத்தைப் பற்றித்தான். அதிலும் ஸ்டெஃபான் டிக்ஸும் டாங்க் டெல்லும் முழங்கால் காயத்தால் விலகியதையும், பருவத்துக்குப் பின் ஒருங்கிணைப்பாளர் பாபி ஸ்லோவிக் நீக்கப்பட்டதையும் ஐந்தாம் படியின் தாளில் சேர்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

நீங்கள் மதிப்பிடும் இளைஞருக்கும் இப்படியே ஒரு பக்கம் எழுதுங்கள். முயற்சிக்கான எண், சாக் விகிதம், சூழல் பற்றிய நான்கு பதில்கள், பதிவில் கண்டவை, அடுத்த பருவத்தில் உயரும் என்றும் தாழும் என்றும் எதிர்பார்ப்பவை ஆகியவற்றை ஆகஸ்ட் மாதத்துக்குள் தேதியிட்டு எழுதி முடித்து, இரண்டாம் பருவத்தின் எட்டாவது ஆட்டம் வரை அதில் ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள்.