பிறழ்வு பரவினால் உடனே ‘தேர்வு’ என்று எழுதாதீர்கள்

இறுதியாண்டு ஆய்வுக்கு வரும் பிள்ளைகள் ஆண்டுதோறும் மாறுகிறார்கள், தவறுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. கோப்புப் பெயரைக் குழப்புவது, வரிசைகளைத் தப்பாக அடுக்குவது எல்லாம் தானே அகப்பட்டுவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். மரபணுவில் ஏற்படும் மாற்றங்களை, அதாவது பிறழ்வுகளைப் பார்த்து, இயற்கைத் தேர்வு நடந்ததா என்று முடிவு கட்டுவதில் வரும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

பரவியது என்றால் சாதகமானது என நினைப்பது

இன்னமும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஒரு மாணவி தன்னிடமிருந்த கிருமி மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் ஒரே அமினோ அமில (புரதத்தின் கட்டுமானக் கூறு) மாற்றத்தைக் கண்டார். “இது கிருமிக்குக் கைகொடுக்குது சார்” என்று அப்போதே முடிவும் கட்டிவிட்டார். புரதம் தயாரித்து, செல்களில் சோதித்து, மாதங்களும் பணமும் கரைந்தன. ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அப்புறம் மாதிரிகளின் பூர்வீகத்தைப் பார்த்தால், முக்கால்வாசி ஒரே தொற்றுக் குழுமம், ஒருவரிடமிருந்து தொடங்கிப் பரவிய தொற்றுகள். அதில் முதலில் தொற்றியவரிடம் அந்த மாற்றம் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். முதல் பரிசு விழுந்த டோட்டோ லாட்டரிக் கடை முன்னால் நீளும் வரிசைக்கும் இதே தர்க்கம்தான்.

மூலக்கூறு அளவில் நிலைபெறும் மாற்றங்களில் பெரும்பாலானவை நன்மையும் தீமையும் இல்லாத ‘நடுநிலை’ மாற்றங்கள், தற்செயலாக நிலைப்பவை என்று ஜப்பானிய மரபியலாளர் மோட்டூ கிமுரா 1968இலேயே வாதிட்டார். மறுபக்கமும் உண்டு. எளிய கணக்கின்படி, 1 விழுக்காடு சாதகமுள்ள புதிய பிறழ்வுகூட 100க்கு சுமார் 98 முறை தொடக்கத்திலேயே தொலைந்துபோகும்.

சரி, தேர்வு நடந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? 2020இல் கொவிட்-19 கிருமியின் டி614ஜி மாற்றம் (அதன் கூர்ப்புரதத்தில் 614ஆவது அமினோ அமிலம் மாறியது) பரவியபோதும், ஐரோப்பாவுக்குள் முந்திக்கொண்டு நுழைந்த அதிர்ஷ்டமோ என்ற சந்தேகம் எழுந்தது. ஆனால் அது பல இடங்களில் தனித்தனியாக நுழைந்து, பழைய வகையைத் திரும்பத் திரும்பப் பின்தள்ளியது. ஆய்வகச் சோதனைகளும் ஒத்துவந்தன. ஒரே ஒரு குழுமத்தை வைத்துக்கொண்டு அப்படிப் பேச முடியாது.

மறைந்தது என்றால் தோற்றது என நினைப்பது

அதே 2020இன் தொடக்கத்தில், ஓஆர்எஃப்8 என்ற மரபணுப் பகுதியில் 382 மரபெழுத்துகளை இழந்த கொவிட்-19 கிருமி சிங்கப்பூரில் கண்டறியப்பட்டது. அது தொற்றியவர்களுக்கு நோயின் கடுமை குறைவாக இருந்தது. மார்ச்சுக்குப் பிறகு அதைக் காணவில்லை. பலவீனத்தால் அழிந்ததா, தொடர்புத் தடமறிதலும் தனிமைப்படுத்தலும் அந்தச் சங்கிலியை அறுத்தனவா? மறைந்ததை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத வேண்டாம்.

மரபணு முழுதுக்கும் ஒரே சராசரி

சாதகத் தேர்வைத் தேட, அமினோ அமிலத்தை மாற்றும் மாற்றங்களின் வீதத்தை, மாற்றாதவற்றின் வீதத்தால் வகுக்கிறோம். விடை 1ஐத் தாண்டினால் அது சாதகத் தேர்வின் அடையாளம். விடை 1க்குக் கீழே வந்தவுடன் ‘சாதகத் தேர்வு இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு மூன்று இடங்களில் நடந்த தேர்வை மற்ற நூற்றுக்கணக்கான இடங்கள் அமுக்கிவிடும்.

மரபெழுத்து மாறியும் அமினோ அமிலம் மாறாவிட்டால் நடுநிலையா?

எப்போதும் அல்ல. ஆர்என்ஏ மடிப்பைப் பாருங்கள்: எழுத்து மாறினால் ஆர்என்ஏ இழை மடியும் விதமும் மாறலாம்.

கிமுரா டார்வினுக்கு எதிரியா?

இல்லை. உயிர்களின் தகவமைப்பை இயற்கைத் தேர்வு உருவாக்குவதை அவர் மறுக்கவே இல்லை. இன்னொரு ஜப்பானிய மரபியலாளர் தொமோகோ ஒஹ்தா 1973இல் இன்னொன்றையும் சேர்த்தார்: சிறு தீமை தரும் மாற்றம், சிறிய மக்கள்தொகையில் நடுநிலையானதுபோலவே நடந்துகொள்ளும். எனவே மக்கள்தொகை எவ்வளவு என்று கேட்காமல் ‘தீமையானது, நிலைக்காது’ என்றும் எழுத முடியாது.