ஜாவா வலைச் செயலியிலிருந்து வெறும் உரையை மட்டும் அனுப்புவது எப்படி?

சர்வர் இயங்குகிறதா என்று சோதிக்கும் நிரலுக்கு ஒற்றைச் சொல் பதில் போதும். அதற்கு ஹெச்டிஎம்எல் பக்கம் எதற்கு? வெறும் உரையே நல்லது. ஆனால் டேக் எதையும் எழுதாமல் விட்டால் மட்டும் அது வெறும் உரை ஆகிவிடாது. பதிலோடு செல்லும் 'கன்டென்ட்-டைப்' ஹெடர்தான், அதாவது பதிலின் வகையைச் சொல்லும் தலைப்பு வரிதான், அதைத் தீர்மானிக்கிறது. அங்கே 'டெக்ஸ்ட்/ஹெச்டிஎம்எல்' என்றிருந்தால், நீங்கள் பிரித்துப் பிரித்து எழுதிய வரிகளைப் பிரவுசர் ஒரே வரியாக ஒட்டிக் காட்டும்.

படி 1: வலைக் கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா கிளாஸை சர்வ்லெட் என்பார்கள். ஹெச்டிடிபிசர்வ்லெட்டை நீட்டிக்கும் ஒரு கிளாஸ் எழுதுங்கள். 'வெப்சர்வ்லெட்' அனொடேஷனில் முகவரியைக் கொடுத்து, உள்ளே 'டூகெட்' மெதடை அமையுங்கள். பழைய பாடங்களில் இம்போர்ட் வரிகள் 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கும். சர்வ்லெட்டுகளை இயக்கும் டாம்கேட் சர்வரின் 10ஆம் பதிப்பு முதல் அது 'ஜகார்த்தா'.

படி 2: ரெஸ்பான்ஸ் ஆப்ஜெக்டில் 'செட்கன்டென்ட்டைப்' மெதடை அழைத்து 'டெக்ஸ்ட்/ப்ளெயின்; கேர்செட்=யூடிஎஃப்-8' என்று கொடுங்கள். கேர்செட் என்பது எழுத்துகளின் குறியாக்கம்.

படி 3: அதன் பிறகே 'கெட்ரைட்டர்' மூலம் ரைட்டரைப் பெற்று, 'பிரின்ட்' மெதடால் உரையை எழுதுங்கள்.

இரண்டாம், மூன்றாம் படிகளின் வரிசையை மாற்றவே கூடாது. ரைட்டரை முதலில் வாங்கிவிட்டால், பின்னால் சொல்லும் கேர்செட்டை சர்வ்லெட் பொருட்படுத்தாது. ஐஎஸ்ஓ-8859-1 என்ற இயல்புநிலைக் குறியாக்கமே நிலைத்துவிடும். அதில் தமிழுக்கு இடமே இல்லை. 'வணக்கம்' என்று அனுப்பினால் ஏழு கேள்விக்குறிகள் வந்து சேரும். நமக்கு அது ஐந்தெழுத்துச் சொல். யூனிகோடில் இரண்டு புள்ளிகளும் தனித்தனிக் குறிகள் என்பதால் ஏழு. எழுத்துகள் சர்வரிலேயே தொலைந்துவிட்டதால் பிரவுசர் அமைப்பை எப்படி மாற்றினாலும் அவை மீளாது. தமிழில் தரவு அனுப்புபவர்கள் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுதான் என்பேன்.

ஸ்பிரிங் என்னும் ஜாவா கட்டமைப்பைப் பயன்படுத்துகிறீர்களா? சாதாரண 'கன்ட்ரோலர்' திருப்பித் தரும் ஸ்ட்ரிங்கை அது ஒரு வியூவின் (பக்க வார்ப்புருவின்) பெயராக எடுத்துக்கொண்டு பக்கத்தைத் தேடப் போய்விடும். 'ரெஸ்ட்கன்ட்ரோலர்' போட்டு, 'கெட்மேப்பிங்'கில் 'ப்ரொட்யூசஸ்' மதிப்பாக இரண்டாம் படியில் கொடுத்த அதே வரியைக் கொடுங்கள். ஹெச்டிஎம்எல்லோடு ஜாவாவைக் கலந்து எழுதும் ஜேஎஸ்பி இதற்கு ஏற்றதல்ல. அதன் அமைப்பைச் சொல்லும் டைரக்டிவ் வரிகள் இருந்த இடமெல்லாம் வெற்று வரிகளாகப் பதிலில் ஏறிக்கொள்ளும்.

பயனர் தட்டச்சு செய்ததைத் திருப்பி அனுப்பும்போது கூடுதல் கவனம் தேவை. ஹெச்டிஎம்எல் என்று அனுப்பினால் அதில் ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்ட் இயங்கிவிடும். வெறும் உரை என்று அறிவிப்பதோடு, 'எக்ஸ்-கன்டென்ட்-டைப்-ஆப்ஷன்ஸ்' ஹெடரில் 'நோஸ்னிஃப்' என்றும் சேருங்கள். பிரவுசர் தானாக வகையை ஊகிப்பதை அது தடுக்கும்.

படி 4: சோதிக்கும்போது பிரவுசரை மட்டும் நம்ப வேண்டாம். டெர்மினலில் 'கர்ல்' கட்டளையை '-ஐ' (ஆங்கிலச் சிறிய எழுத்து) தெரிவுடன் இயக்கினால் ஹெடர்களும் உரையும் சேர்ந்தே தெரியும். 'கன்டென்ட்-டைப்' வரியில் 'டெக்ஸ்ட்/ப்ளெயின்', 'யூடிஎஃப்-8' இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கேர்செட் மட்டும் வேறாக இருந்தால் மூன்றாம் படிக்குத் திரும்பி, ரைட்டரை எந்த வரியில் வாங்கினீர்கள் என்று தேடுங்கள்.