மெயிலுக்கு மேக்கப் போடாதீங்க: வழக்கமா நடக்கற தப்புங்க

மெயில் எழுதறப்ப நம்மாளுங்க பண்ற பெரிய தப்பே, நம்ம ஸ்கிரீன்ல தெரியற மாதிரியே வாங்கறவங்க ஸ்கிரீன்லயும் தெரியும்னு நினைக்கிறதுதான். நீங்க போடற கலர், ஃபாண்ட், டேபிள் எல்லாம் வெப் பேஜ் மாதிரி ஹெச்டிஎம்எல் கோடாதான் போகுது, அதை ஜிமெயில் ஒரு மாதிரி காட்டும், ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கற அவுட்லுக் வேற மாதிரி காட்டும் (2007ல இருந்து வந்த பழைய மாடல், அதாவது கிளாசிக் விண்டோஸ் அவுட்லுக், மெயிலைக் காட்டறது வேர்டோட இன்ஜினை வெச்சு, டிசைன் கோணிக்கிறது அதனாலதான்).

லாசுப்பேட்டைல ஒரு அபார்ட்மென்ட்னு வெச்சுக்கங்க. மெயின்டனன்ஸ் பத்தி குடியிருக்கறவங்க கேட்ட கேள்விக்கெல்லாம் செக்ரட்டரி கீழ கீழயே பதில் டைப் பண்ணி, மேல "என் பதில் சிவப்புல இருக்கு"ன்னு ஒரு வரி போட்டு அனுப்பறாரு. பிளெயின் டெக்ஸ்டா, அதாவது கலர், ஃபாண்ட் எதுவும் இல்லாம வெறும் எழுத்தா படிக்கிறவருக்கு சிவப்பும் இல்ல ஒண்ணும் இல்ல, எல்லாம் ஒரே நிறம், லிஃப்ட் ரிப்பேருக்கு காசு தர முடியாதுன்னு சொன்னது யாருன்னே புரியாம சண்டை வரும். பதிலுக்கு முன்னாடி "செக்ரட்டரி:"ன்னு போட்டிருந்தா முடிஞ்சுது.

ஃபாண்ட் விஷயம் இன்னும் மோசம். மஞ்சக்குப்பத்துல டிடிபி கடையில பாமினிங்கற பழைய தமிழ் ஃபாண்ட்ல அடிச்ச மனுவை அப்படியே காப்பி பண்ணி மெயில்ல ஒட்டுனா, அந்த ஃபாண்ட் இல்லாத இடத்துல வெறும் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா போய் நிக்கும். எல்லா கம்ப்யூட்டர்லயும் தெரியற யூனிகோட் எழுத்துக்கு மாத்திட்டு ஒட்டுங்க, ஒட்டறப்ப கண்ட்ரோல் ஷிஃப்ட் வி அடிங்க, பழைய ஃபார்மேட்டிங் கூட வராது.

நோட்டீஸ் முழுசையும் ஒரே படமா போட்டு அனுப்பறது அடுத்த தப்பு. அதுல இருக்கற பேங்க் அக்கவுண்ட் நம்பரை சாதாரணமா செலக்ட் பண்ணி எடுக்க முடியாது, பார்த்துப் பார்த்து டைப் பண்ணணும், ஒரு நம்பர் மாறுனா பணம் எங்க போகும்? கண்ணு தெரியாதவங்க ஸ்கிரீன் ரீடர்ல படிச்சா பல நேரம் வெறும் "இமேஜ்"னு மட்டும் சொல்லிட்டு போயிடும்.

இதெல்லாம் அனுப்பறவங்க தப்பு. வாங்கறவங்க பண்றது, வர்ற படத்தையெல்லாம் தானா ஓப்பன் ஆக விடறது. கண்ணுக்கே தெரியாத ஒரு பிக்சல் படம் உள்ள இருக்கும், அது லோட் ஆனா நீங்க மெயிலைத் திறந்தது அனுப்புனவனுக்கு தெரிஞ்சுடும். 2013ல இருந்து ஜிமெயில் படங்களை தன்னோட சர்வர் வழியா காட்டறதால உங்க ஐபி அட்ரஸ் (நெட் கனெக்ஷனோட நம்பர்) போகாது, ஆனா திறந்த சேதி போகத்தான் செய்யும். செட்டிங்ஸ்ல இமேஜஸ்னு இருக்கற இடத்துல கேட்டுட்டு காட்டுன்னு மாத்தி வைங்க.

லிங்க்லதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். "கரண்ட் பில் கட்டல, இன்னைக்கு ராத்திரி கட் பண்ணிடுவோம்"னு லோகோவெல்லாம் போட்டு ஒரு மெயில் வரும், பட்டன் பார்த்தா அசல் மாதிரியே இருக்கும். பட்டன் மேல எழுதியிருக்கறது ஒண்ணு, அது கொண்டு போற இடம் இன்னொண்ணு, ஹெச்டிஎம்எல்ல அப்படி எழுத யாராலயும் முடியும். கம்ப்யூட்டர்ல மவுஸை மேல வெச்சா கீழ அட்ரஸ் தெரியும், போன்ல அழுத்திப் பிடிச்சுப் பாருங்க. நம்ம கரண்ட் ஆபீஸ் சைட்டை நீங்களே டைப் பண்ணி போறது அதைவிட நல்லது. பணம் போயிடுச்சுன்னா லேட் பண்ணாம சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் போடுங்க.

கையெழுத்துக்குக் கீழ லோகோ, பூ, விளம்பரம்னு ஒட்டறதையும் விட்ருங்க. மெயிலோட ஹெச்டிஎம்எல் கோடு 102 கேபியைத் தாண்டுனா ஜிமெயில் மிச்சத்தை வெட்டி மறைச்சுடும்.

ஜிமெயில்ல கம்போஸ் கீழ இருக்கற மூணு புள்ளியத் தட்டி பிளெயின் டெக்ஸ்ட் மோடுக்கு ஒரு தடவை டிக் பண்ணிட்டா அடுத்த மெயிலுக்கும் அதுவே இருக்கும். போல்ட் போட முடியாதுதான். கல்யாணப் பத்திரிகை அனுப்பறப்ப மட்டும் டிக்கை எடுத்துக்கங்க, அதுக்கு ரோஜாப்பூ இல்லேன்னா சொந்தக்காரங்க கோச்சுப்பாங்க.