தனியாக ஓடும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: வாசலில் தொடங்கும் அந்தக் கோடு

போன ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்து கால்களைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது, புதிதாக ஓட வந்திருந்த பெண் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வாழ்க்கையில் முதல் பத்து கிலோமீட்டர். முகமெல்லாம் பூரிப்பு. “எப்படி அக்கா?” என்றாள். திரையில் வரைபடம், அதன்மேல் ஒரு சிவப்புக் கோடு. குறுக்குத் தெருவொன்றில் வலப்பக்கம் மூன்றாவது கட்டடத்தில் தொடங்கிய கோடு, ஒரு பெரிய சுற்றுச் சுற்றி அதே கட்டடத்தில் வந்து முடிந்திருந்தது. கீழே, புறப்பட்ட நேரம் காலை 5.40. அதற்கும் கீழே அவளே வைத்திருந்த தலைப்பு: ‘இனி தினமும் இதே வழிதான்!’

மனமாரப் பாராட்டினேன். பிறகு, “இதை யார் யாரெல்லாம் பார்க்கலாம்?” என்று கேட்டேன். “தெரியவில்லையே” என்றாள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். இருட்டுச் சந்தில் போகாதே, பளிச்சென்ற சட்டை போடு, யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ என்பவற்றையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை ஓடாதவர்களுக்கே தெரியும். ஓடாதவர்களுக்குத்தான் மிக நன்றாகத் தெரியும். இன்னொன்று: ஒருவன் தொல்லை கொடுத்தால் குற்றம் அவனுடையது. இதை ஒருமுறை சொல்லிவிட்டு மேலே போகிறேன், ஏனென்றால் அவன் இதைப் படிக்கப்போவதில்லை.

வாசலிலிருந்தே பதிவைத் தொடங்குவது

அப்போது நான் ஆற்றோரப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தேன். மண்பாதை, இருபுறமும் மரங்கள், வண்டிகள் வராது. முழங்காலுக்கு அதைவிட இதமான பாதை எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. ஒவ்வொரு நாள் ஓட்டமும் செயலியில் தானாக ஏறிவிடும். நானும் நாட்குறிப்பு எழுதுவதுபோல ஒரு வரி சேர்ப்பேன்: ‘முழங்கால் இன்னும் முணுமுணுக்கிறது’, ‘இன்று தூக்கக் கலக்கம்’.

பாதை பாலத்தைத் தொடும் இடத்தில் கைப்பிடிச் சுவரில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஓட்டக்காரர்கள் அணியும் பனியன், நல்ல காலணி. ஒரு வாரம் தலையசைத்தார்; நானும் அசைத்தேன். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, நான் கடக்கும்போது சாதாரணமாகச் சொன்னார்: “இன்று நான்கு நிமிடம் தாமதம். முழங்கால் சரியாகிவிட்டதா?”

கால்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. மூளைதான் பின்தங்கியது. இவரிடம் முழங்காலைப் பற்றி எப்போது சொன்னேன்? இருநூறு மீட்டர் தாண்டிய பிறகுதான் உறைத்தது: நான் இவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

அவர் மந்திரவாதி இல்லை. பாலத்திலிருந்து அடுத்த வளைவு வரையிலான துண்டை யார் எவ்வளவு வேகமாக ஓடினார்கள் என்று காட்டும் ஒரு நேரப்பட்டியல் செயலியில் இருந்தது. அதில் பெண்கள் வரிசையில் ஐந்தாவதாக என் முழுப்பெயர், படத்தோடு. பெயரைத் தொட்டால் என் ஒன்றரை வருட ஓட்டங்களும் வரிசையாக விரியும். எந்தக் கிழமை எவ்வளவு தூரம், எந்த நேரம், எந்த வாசல். என்னைப் பின்தொடர அவர் ஓட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை. புகார் கொடுக்கவும் வழியில்லை. நலம் விசாரிப்பது குற்றமில்லையே. ஆனால் நான் அந்தப் பாதையை விட்டேன். இரண்டு வருடம் வண்டிகளுக்கு நடுவே தார்ச்சாலையில் ஓடி, முழங்கால் நிஜமாகவே கெட்டது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நான் அதற்கு மாதச்சந்தாவும் கட்டியிருந்தேன். அந்த எரிச்சல் இன்றைக்கும் அடங்கவில்லை.

இது ஏதோ விவரமறியாதவர்கள் மட்டும் செய்கிற தவறு என்று நினைக்க வேண்டாம். 2018 ஜனவரியில், ஓட்டங்களைப் பதியும் செயலியான ஸ்ட்ராவா வெளியிட்டிருந்த உலக ஓட்ட வரைபடத்தில், பாலைவனங்களின் நடுவே இருந்த இராணுவத் தளங்கள் ஒளிக்கோடுகளாகத் தெரிந்தன. அங்கே இருந்த வீரர்கள் ஓடிய ஓட்டங்கள்தான் அந்தக் கோடுகள். 2024இல் பிரெஞ்சு நாளிதழ் லெ மோந்த், நாட்டுத் தலைவர்களின் மெய்க்காப்பாளர்கள் பதிவேற்றிய ஓட்டங்களை வைத்தே அந்தத் தலைவர்கள் எங்கே தங்குகிறார்கள் என்று கண்டறிந்து எழுதியது. காவல் காப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இந்தக் கதி.

இனி என்ன செய்வது? என் ஓட்டங்களைப் ‘பின்தொடர்பவர்கள் மட்டும்’ பார்க்கலாம் என்று மாற்றிவிட்டேன் என்பார்கள். சரி, அந்தப் பின்தொடர்பவர்கள் யார்? பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பெயரையும் பாருங்கள். முகம் நினைவுக்கு வராத பெயரை நீக்கிவிடுங்கள். அடுத்து, இந்த மாற்றம் பெரும்பாலும் இனி ஓடப்போகும் ஓட்டங்களுக்குத்தான். பழைய முந்நூறு ஓட்டங்கள் அப்படியே திறந்து கிடக்கும். அவற்றைத் தனியாக மாற்ற வேண்டும். கைக்கடிகாரம் வைத்திருப்பவர்களுக்கு இரட்டை வேலை. கடிகார நிறுவனத்தின் செயலி ஒன்று, அதிலிருந்து தானாக ஓட்டத்தை வாங்கிக்கொள்ளும் செயலி இன்னொன்று. ஒன்றைப் பூட்டிவிட்டு மற்றதைத் திறந்தே வைத்திருக்கும் பலரை எனக்குத் தெரியும்.

வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் கோட்டை மறைக்கும் வசதி பல செயலிகளில் உண்டு. அவசியம் போடுங்கள், ஆனால் அதையே நம்பி இருக்காதீர்கள். திங்கள் வடக்கே போகிறீர்கள், புதன் கிழக்கே, வெள்ளி தெற்கே. மூன்று கோடுகளும் வட்டத்தின் விளிம்பில் சட்டென்று அறுபட்டு நிற்கும். விளிம்பில் மூன்று புள்ளிகள் கிடைத்தால் மையத்தைக் கண்டுபிடிப்பது பள்ளிக்கூடக் கணக்கு. 2018இல் ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். அதன் பிறகு வட்டத்தின் மையத்தை வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி வைக்கும் வழக்கம் வந்தது. அப்படியும், வரைபடத்தில் மறைத்த தூரம் மொத்தக் கிலோமீட்டர் கணக்கில் சேர்ந்துவிட்டால், எவ்வளவு மறைத்தீர்கள் என்று அதுவே சொல்லிவிடும்.

எனவே நான் செய்வது மிகச் சாதாரணமானது. வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் நடக்கிறேன். உடம்பு சூடாவதற்கு எப்படியும் நடக்கத்தானே வேண்டும். ஆள் நடமாட்டமுள்ள ஒரு முனைக்குப் போன பிறகுதான் பதிவைத் தொடங்குகிறேன். முடிப்பது வேறொரு முனையில். வரைபடத்தில் என் வீட்டைத் தேடுகிறவருக்கு இரண்டு தெருமுனைகள் கிடைக்கும். அந்த நடைக்குக் கணக்கு வராது, ‘வாரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் வீணாகிறதே’ என்று புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஒரு முறை வாதாடினேன், அரை மணி நேரம் போயிற்று.

நேரப்பட்டியல்களில் பெயர் வராமல் தடுக்கும் அமைப்பு தனியாக இருக்கும். தேடிப் பிடித்து அணைத்துவிடுங்கள். பெயருக்குப் பதில் முன்னெழுத்துகள் போதும். 1967இல் பாஸ்டன் மாரத்தானில் ஓடிய கேத்ரின் சுவிட்சர், கே.வி. சுவிட்சர் என்றுதான் பதிவு செய்திருந்தார். அது அவர் வழக்கமாகக் கையெழுத்திடும் முறை. 261 என்ற எண்ணோடு ஓடிக்கொண்டிருந்த அவரை, பெண் என்பதால், ஒரு போட்டி அதிகாரி முதல் சில மைல்களிலேயே பிடித்து இழுத்தார். அவர் உதறிக்கொண்டு ஓடி முடித்தார். முன்னெழுத்துகளோடு ஓடுவது எனக்கு அதனாலேயே பிடித்திருக்கிறது.

கடைசியாக, உடன் ஓடும் தோழி. நீங்கள் எல்லாவற்றையும் பூட்டியிருப்பீர்கள். அவள் உங்கள் வாசலில் வந்து ஓட்டத்தை முடித்து, உங்கள் பெயரையும் கோத்து, வாசற்கதவு தெரியப் படமும் எடுத்துப் பொதுவில் போட்டிருப்பாள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். அவளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பாட்டுக் கேட்க இரண்டு காதையும் அடைப்பது

ஒரு காதே அதிகம்.

வாங்கியதோடு கடமை முடிந்தது என்று இருப்பது

மிளகுத் தெளிப்பான் வாங்கியிருந்தாள் ஒருத்தி. எங்கே என்று கேட்டேன். இடுப்புப் பையைத் தட்டிக் காட்டினாள். “ஓடிக்கொண்டே எடு, பார்ப்போம்” என்றேன். ஜிப்பைத் திறந்தாள், சாவி விழுந்தது. சாவியை எடுத்தாள்; தெளிப்பானின் மூடி திரும்பவில்லை. நான் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்: பதினான்கு. திருப்பிப் பார்த்தால் துவாரம் அவள் முகத்தை நோக்கி இருந்தது.

கையில் இல்லாத பொருள் வீட்டு அலமாரியில் இருக்கும் பொருளுக்குச் சமம். காற்று எதிரே அடித்தால் தெளிப்பது உங்கள் கண்ணுக்குத்தான் திரும்பும். அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு. எல்லா நாட்டிலும் அதை வைத்திருக்க முடியாது. பிரிட்டனில் வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டுக்குப் பயணம் போகும்போது பெட்டியில் போடுவதற்குமுன் விசாரியுங்கள்.

எனக்கு ஊசியை இழுத்தால் அலறும் சிறு கருவியே போதும். கைப்பட்டையில் கட்டிவிடலாம், குறி பார்க்க வேண்டாம், காற்றும் ஒன்றும் செய்யாது. ஆனால் மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மின்கலம் செத்துக் கிடந்தால் அது வெறும் சாவிக்கொத்து. நான் சோதித்த முதல் நாள் பக்கத்து வீட்டு நாய் என்னை மன்னிக்கவேயில்லை.

கைப்பேசியிலும் அவசர அழைப்பு இருக்கிறது. ஐபோனில் பக்கவாட்டுப் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் மின்பொத்தானை வேகமாக ஐந்து முறை அழுத்த வேண்டும். அமைப்புகளுக்குள் போய் உங்கள் கைப்பேசியில் எப்படி என்று இன்றே பாருங்கள். வியர்த்த விரலை ரேகைப் பூட்டு பல நேரம் அடையாளம் காணாது. பூட்டைத் திறந்து, எண்ணைத் தேடி, அழைத்து என்ற கணக்கெல்லாம் எட்டாவது கிலோமீட்டரில் செல்லாது.

வழி கேட்டால் நின்று சொல்வது

நமக்கு ஊட்டி வளர்த்த மரியாதை இருக்கிறதே, அது ஓடும்போதும் கூடவே வரும். ஒருமுறை கார் ஒன்று அருகில் வந்து மெதுவாக நின்றது. கண்ணாடி இறங்கியது. மருத்துவமனைக்கு வழி கேட்டார். நான் மூச்சிரைக்க, இடுப்பில் கையை ஊன்றி, ஜன்னலுக்குள் தலையை நீட்டாத குறையாக அவருடைய கைப்பேசித் திரையில் விரலை வைத்து வழி காட்டினேன். பாவம், அவர் நிஜமாகவே வழி தவறியவர்தான். நன்றி சொல்லிப் போய்விட்டார். அதன் பிறகு நின்ற இடத்திலேயே யோசித்தேன்: அவர் கதவைத் திறந்திருந்தால் அது என் முழங்காலில் இடித்திருக்கும். அவ்வளவு பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

இப்போது ஓட்டத்தை நிறுத்துவதில்லை. நிற்கத்தான் வேண்டுமென்றால் கார் கதவு முழுதாகத் திறந்தாலும் எட்டாத தூரத்தில் நின்று, உரக்க “தெரியாது” என்கிறேன். தெரிந்தாலும் தெரியாதுதான்.

அந்த ‘உரக்க’ என்பதிலும் ஒரு சிக்கல். புதியவர்களிடம் “ஒருமுறை கத்து” என்றால் சிரிப்பார்கள். இரண்டாம் முறை ஒரு கீச்சுக்குரல் வரும். நான்காம் ஐந்தாம் முறையில்தான் அடிவயிற்றிலிருந்து குரல் எழும். நெருக்கடியில் முதல் முறையே அது வரும் என்று எதை வைத்து நம்புகிறோம்?

பின்னால் ஆள் வந்தால் வீட்டைப் பார்த்து ஓடுவது

கூட்டத்தைப் பார்த்து ஓடுங்கள். வீட்டைக் காட்டிக்கொடுக்காதீர்கள்.

வண்டிகளுக்கு முதுகு காட்டி ஓடுவது

எதிரே வருவது கண்ணுக்குத் தெரியட்டும். நடைபாதை இருந்தால் அதில்.

‘தனியாக ஏன் ஓடுகிறாய்’ என்பவர்களுக்கு விளக்கம் சொல்வது

மூச்சு வீண்.

அடையாளமே இல்லாமல் போவது

எல்லோரும் மனிதர்களைப் பற்றியே பயப்படுகிறோம். என் பதினாறு வருட ஓட்டத்தில் என்னைக் கீழே தள்ளியவை ஒரு மரவேர், ஒரு நாய், ஒரு மதிய வெயில். வெயிலில் மயங்கி விழுந்தபோது, என்னைத் தூக்கியவர்களுக்கு என் பெயர்கூடத் தெரியவில்லை; கைப்பேசி பூட்டியிருந்தது. பூட்டிய திரையிலேயே அவசரத் தொடர்பு எண்ணும் இரத்தவகையும் ஒவ்வாமையும் தெரியும்படி வைக்க முடியும். பத்து நிமிட வேலை. அதை ஆறு வருடம் தள்ளிப்போட்டிருந்தேன். அதில் வீட்டு முகவரி வேண்டாம்.

இருப்பிடத்தைப் பகிர்ந்துவிட்டு நிம்மதியாக இருப்பது

வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று பகிரலாம். குடும்பக் குழுவில் பகிர்ந்துவிட்டேன் என்பார்கள். நாற்பது பேர் இருக்கும் குழுவில், வேறு யாராவது பார்ப்பார்கள் என்று நாற்பது பேருமே இருந்துவிடுவார்கள். ஒரே ஒருவர் போதும். அவருக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும்: எத்தனை மணிக்குத் திரும்புவேன், அதைத் தாண்டினால் என்ன செய்ய வேண்டும். மின்கலச் சேமிப்பு இயங்கினால் சில கைப்பேசிகள் பகிர்வை ஓசையின்றி நிறுத்திவிடும். புள்ளி நகராமல் நின்றால் அவர் அதைக் கவனிக்க வேண்டும்.

எனக்கு அந்த ஒருவர் என் அக்கா. ஏற்பாடு இதுதான்: சொன்ன நேரத்தைத் தாண்டிப் பத்து நிமிடமானால் அழைப்பாள், எடுக்கவில்லையென்றால் ஐந்து நிமிடத்தில் மறுபடியும், அப்போதும் எடுக்கவில்லையென்றால் புள்ளி இருக்கும் இடத்துக்குக் கிளம்புவாள். ஒருநாள் வழியில் பழைய தோழியைப் பார்த்துப் பேசிக்கொண்டே நின்றுவிட்டேன். கைப்பேசி சத்தமில்லாமல் பையில் கிடந்தது. திடீரென்று பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. இரவு உடையோடு, சீவாத தலையோடு அக்கா. என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அன்று மாலைவரை என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை, சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே அவளை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.