'பயப்படாதே' என்று சொல்லாதீர்கள்

மாவட்டத் தடகளப் போட்டி எதற்காவது போய்ப் பாருங்கள். நூறு மீட்டர் ஓட்டத்துக்கு முன்னால் கழிவறை வாசலில்தான் பெரிய வரிசை நிற்கும். கை சில்லிட்டு, வயிற்றைக் கலக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளையிடம் அப்பா, சித்தப்பா, கோச் எல்லோரும் பேசுவது ஒரே வசனம்: "பயப்படாதே, ரிலாக்ஸா இரு." நல்ல மனசோடு செய்கிற முதல் தவறு இதுதான்.

அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, தோலிலும் குடலிலும் ஓடுகிற ரத்தம் குறைந்து பெரிய தசைகளுக்குப் போகிறது. கை சில்லிடுவது அதனால்தான். உடம்பு ஓடத் தயாராகிவிட்டது, அவ்வளவே. அதைப் போய் அடங்கு என்றால் அடங்காது. அடங்கவில்லையே என்ற கவலைதான் கூடுதலாகச் சேரும். ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் உட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பேச ஏறும் முன் "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள், "அமைதியாக இருக்கிறேன்" என்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். மேடை வேறு, மைதானம் வேறு, சரி. ஆனால் படபடப்பு ஒன்றுதான். "உடம்பு ரெடியாயிடுச்சு, போ" என்று சொல்லிப் பாருங்கள். துப்பாக்கி சுடுதல், வில்வித்தை மட்டும் வேறு கணக்கு: அங்கே மூச்சை நீளமாக விட்டுத் துடிப்பை இறக்கத்தான் வேண்டும்.

அப்புறம், களத்தில் இறங்குகிற நேரத்தில் "முழங்கையை நேரா வை, தோளைத் தூக்காதே" என்று திருத்துவது. பல வருடப் பயிற்சியில் கை தானாகச் செய்கிற வேலையை மனம் மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தால் தடுமாற்றம்தான். மாடிப்படியில் இறங்கும்போது எந்தக் கால் எந்தப் படியில் என்று யோசித்துப் பாருங்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. திருத்தமெல்லாம் முந்தைய வாரமே முடிந்திருக்க வேண்டும். போட்டியன்று ஒரே ஒரு சொல் போதும்.

"ஸ்டேட்ல ஜெயிச்சா பைக்" என்கிற பேரமும் ஆபத்து. 1973-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், படம் வரைவதில் ஆசையுள்ள சின்னக் குழந்தைகளிடம் முன்கூட்டியே பரிசு பேசினார்கள். பிறகு அவர்கள் தாமாக வரைவது குறைந்தது. சொல்லாமல் பரிசு கொடுத்த குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை. பைக் வாங்கிக் கொடுங்கள், பேரம் மட்டும் பேசாதீர்கள்.

தன்னம்பிக்கையைப் பதக்கத்தில் மட்டும் தொங்கவிடுவது இன்னொரு தவறு. 2024 நவம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் செஸ் உலகப் பட்டத்துக்கான முதல் ஆட்டத்திலேயே, அதுவும் முதலில் நகர்த்தும் சாதகமுள்ள வெள்ளைக் காய்களோடு, டிங் லிரெனிடம் தோற்றார். மூன்றாவதில் வென்றார். பன்னிரண்டாவதில் மறுபடி தோல்வி. பதினான்காவது ஆட்டம் முடிந்தபோது 18 வயதில் உலகச் சாம்பியன். அவருக்கு மனப் பயிற்சிக்கென்றே பேடி அப்டன் என்ற பயிற்சியாளர் இருந்தார். நம் பிள்ளைக்கு அந்த வசதி இல்லாவிட்டாலும் ஒரு நோட்டு வாங்கித் தரலாம். பிராக்டிஸில் ஓடிய நேரம், தாண்டிய உயரம், முடியாதிருந்து முடிந்தது என்று தினமும் இரண்டு வரி. போட்டிக்கு முந்தின இரவு புரட்டிப் பார்க்க அதுதான் கையில் இருக்கும்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது மேட்ச் பயம் இல்லை. டாக்டரிடம் போங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள்.

தோற்றுத் திரும்பும்போது பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் ஆட்டத்தை அலசாதீர்கள். பரோட்டாவா தோசையா என்று கேளுங்கள். மற்றதை இரண்டு நாள் கழித்து அதுவே பேசும்.